மானியம் வாங்கித் தர முன்பணம் 12,000 கேட்கிறார், கொடுக்கலாமா?

ஸ்ரீராமபுரம் மாவுக்காரி
26 ஜூலை 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். பிறந்த ஊர் வாணியம்பாடி பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

ஆறு வருடமாக வீட்டிலேயே இட்லி, தோசை மாவு அரைத்து விற்கிறேன். முதலில் பக்கத்து வீடுகளுக்கு மட்டும்தான். கொரோனா சமயத்தில் வீட்டுக்காரரின் ஆட்டோ ஓடாமல் நின்றபோது நாலைந்து மளிகைக் கடைகளுக்கும் போட ஆரம்பித்தேன். இப்போது நாளுக்கு 40 கிலோ போகிறது. கிலோ 60 ரூபாய். எல்லாச் செலவும் போக கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கும். ஒரு கடைக்காரர் கேட்டார் என்பதற்காக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு எந்தக் காகிதமும் என்னிடம் இல்லை.

இருப்பது இரண்டு சின்ன கிரைண்டர். கடைகள் கேட்கிற அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர், ஒரு பெரிய ஃப்ரிட்ஜ், பாக்கெட் ஒட்டும் மெஷின், மூன்றும் சேர்த்து 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகும் என்று எஸ்.பி. ரோட்டில் சொன்னார்கள். அவை வந்தால் இன்னொரு 40 கிலோ போடலாம்.

போன வாரம் எங்கள் மகளிர் சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் வந்தார். பிரதமர் திட்டத்தில் உணவுத் தொழிலுக்கு 10 லட்சம் மானியம் இருக்கிறதாம், திருப்பிக் கட்டவே வேண்டாமாம். சங்க உறுப்பினர்களுக்குத் தனியாக ஆளுக்கு 40,000 இலவசமாம். ஃபைல் போட முன்பணம் 12,000, மானியம் வந்ததும் அதில் பத்து சதவீதம் தர வேண்டும் என்றார். ஆதார், பான், பாஸ்புக் ஜெராக்ஸோடு கையெழுத்துப் போட்ட வெற்று செக் இரண்டும் கேட்டார். சங்கத்தில் மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். நான் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருக்கிறதா? இருந்தால் நானே போய்க் கேட்க முடியுமா? கன்னடம் பேசுவேன், படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பத்தாவது வரை படித்தேன், அதுவும் ஊரில் தமிழில். இன்னொரு பயமும் இருக்கிறது. இந்த மாதம் போன் பே, கூகுள் பே கணக்கைப் பார்த்துச் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்ததே, இப்படி அரசாங்கத்திடம் போய் நின்றால் எனக்கும் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கம்மனஹள்ளி தச்சர்
26 ஜூலை 2025, இரவு 10.15

அக்கா, முதலில் அந்த செக்கைக் கொடுக்காதீர்கள். கொடுத்த மூன்று பேரையும் நாளைக்கே வங்கிக்குப் போய் செக்கை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் உத்யம் என்ற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு வேண்டும் என்று வங்கியில் கேட்டார்கள். போனில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் அசோகச் சக்கரம், மூவர்ணக் கொடி எல்லாம் இருந்தது. விவரத்தைப் போட்டு 2,499 ரூபாய் கட்டினேன். இரண்டு நாளில் சான்றிதழ் வந்தது, சான்றிதழ் உண்மையானதுதான். ஆனால் உத்யம் பதிவுக்கு அரசாங்கம் ஒரு ரூபாய் கூட வாங்குவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. 2020 ஜூலையில் தொடங்கியதிலிருந்தே இலவசம். ஆதாரும் பானும் போட்டால் போனுக்கு ஓ.டி.பி. வரும், அரை மணி நேர வேலை. அந்தப் பக்கத்துக்காரர் என் விவரத்தை எடுத்து அதே இலவசப் பக்கத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முகவரியின் கடைசியைப் பாருங்கள். ஜி, ஓ, வி, புள்ளி, ஐ, என் என்று முடிய வேண்டும். நடுவில் அந்த எழுத்துகள் வந்து, கடைசியில் டாட் காம், டாட் ஓ.ஆர்.ஜி. என்று முடிந்தால் அது அரசாங்கப் பக்கம் இல்லை. தேடும்போது மேலே 'விளம்பரம்' என்று சின்னதாகப் போட்டு வருவதைத் தொடவே தொடாதீர்கள்.

---

விவேக் நகர் பொடிக்கடை
26 ஜூலை 2025, இரவு 11.50

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். 2022இல் நான் இருந்த இடத்தில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். நான் 8,000 ரூபாய் கொடுத்தேன், அது போனது. ஆனால் அடுத்த வருடம் அதே திட்டத்தில் நானே விண்ணப்பித்து வாங்கினேன். அதனால் எது உண்மை, எது கலப்படம் என்று சொல்ல முடியும்.

திட்டம் உண்மை. குறு உணவு பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்தும் பிரதமர் திட்டம் என்று பெயர், பி.எம்.எஃப்.எம்.இ. என்பார்கள். 2020 ஜூனில் தொடங்கினார்கள். மாவு, பொடி, அப்பளம், ஊறுகாய், முறுக்கு, பேக்கரி எல்லாம் இதில் வரும். ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களுக்கும் உண்டு. அந்த ஆள் சொன்ன 10 லட்சமும் எழுத்தில் இருக்கிறது, ஆனால் அது உச்சவரம்பு. மானியம் என்பது மெஷின் மாதிரி முதலீட்டில் 35 சதவீதம். 10 லட்சம் மானியம் வர வேண்டுமென்றால் 28 லட்சத்துக்கு மேல் மெஷின் போட்டாக வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது எங்கே வரப் போகிறது?

40,000 கதையும் அப்படித்தான். உணவுத் தொழில் செய்கிற சங்க உறுப்பினர் ஒருவருக்கு 40,000 என்ற கணக்கில் விதை மூலதனம் உண்டு. அது சங்கங்களின் கூட்டமைப்புக்குப் போகும். அங்கிருந்து உறுப்பினருக்குக் கடனாக வரும், உறுப்பினர் சங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். 'கடனாக' என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார். பாதி உண்மை பேசுகிறவரிடம்தான் நாம் ஏமாறுகிறோம், முழுப் பொய் என்றால் கண்டுபிடித்துவிடுவோம்.

எனக்கு நடந்ததைக் கணக்கோடு சொல்கிறேன், அப்போதுதான் புரியும். பொடி அரைக்கும் பல்வரைசர், வறுக்கும் டிரம், பாக்கெட் மெஷின் எல்லாம் சேர்த்து 4 லட்சம். அதில் பத்து சதவீதம், 40,000 ரூபாய், என் கைப்பணம். மீதி 3 லட்சத்து 60 ஆயிரம் வங்கிக் கடன். 35 சதவீத மானியம் 1 லட்சத்து 40 ஆயிரம். நம் கர்நாடகா அரசு இதற்கு மேல் 15 சதவீதம் தருகிறது, அது 60,000. ஆக மொத்தம் 2 லட்சம், பாதிக்குப் பாதி.

இந்த 2 லட்சத்தை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. மானியம் என்றால் கையில் வரும் பணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடன் கொடுத்த பிறகுதான் மானியம் வங்கிக்கு வருகிறது. வந்ததும் என் பெயரில் தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள். மூன்று வருடம் நான் தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் அதைக் கடனில் கழிப்பார்கள். எனக்குக் கடன் வந்தது 2023 நவம்பரில். 2026 நவம்பர் வரை நான் காத்திருக்க வேண்டும். நடுவில் தொழிலை மூடினாலோ தவணை நின்றாலோ அந்த லாபம் எனக்கு இல்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். 'மானியம் வந்ததும் பத்து சதவீதம்' என்கிறவருக்கு நீங்கள் எதிலிருந்து கொடுப்பீர்கள்? உங்கள் கைப்பணத்திலிருந்து. அதற்குத்தான் அந்த வெற்று செக்.

எனக்கு ஃபைல் போட்டவர் 42 பக்கத்தில் ஒரு திட்ட அறிக்கை தயார் செய்து கொடுத்தார். ஸ்பைரல் பைண்டிங், கலர் அட்டை. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை, இங்கிலீஷ்தானே என்று விட்டுவிட்டேன். வங்கியில் மேலாளர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார், "மாதம் எத்தனை கிலோ அரைக்கிறீர்கள்?" 300 என்றேன். அறிக்கையில் 3,000 என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் மூலப்பொருள் என்று மைதாவும் வெண்ணெயும். ஏதோ ஒரு பேக்கரிக்குப் போட்ட அறிக்கையில் என் பெயரை மாற்றியிருக்கிறார். மேலாளர் என்னைத் திட்டவில்லை. கோப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். எட்டாயிரம் போனதற்காக மட்டும் இல்லை. பதினோரு வருடமாக மிளகாய் வறுக்கிற எனக்கு, என் தொழிலைப் பற்றி எழுதிய காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லையே என்ற வேதனை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், நீங்களே ஒரு நோட்டில் முப்பது நாள் கணக்கு எழுதுங்கள். அரிசி எத்தனை கிலோ, உளுந்து எத்தனை, என்ன விலைக்கு வாங்கினீர்கள், கரண்ட், கவர், ஆட்டோ பெட்ரோல், எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட், புளித்துத் திரும்பி வந்தது எத்தனை. தமிழிலேயே எழுதுங்கள். திரும்பி வந்த பாக்கெட்டை மறைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் ஏன் வேண்டும் என்று வங்கி கேட்டால் அந்த எண்தான் உங்களுக்காகப் பேசும். அந்த நோட்டுதான் உங்கள் திட்ட அறிக்கை. அதை ஃபாரத்தில் ஏற்றுவது எழுத்து வேலை, அதற்கு அரசாங்கமே ஆள் வைத்திருக்கிறது.

ஆமாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் மாவட்ட வள நபர் என்று ஒருவர் உண்டு, டி.ஆர்.பி. என்பார்கள். விண்ணப்பம் போடுவது, அறிக்கை எழுதுவது, வங்கியில் பேசுவது, உத்யம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எடுக்க உதவுவது, எல்லாம் அவர் வேலை. கடன் அனுமதியாகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அரசாங்கம் அவருக்கு 20,000 ரூபாய் கொடுக்கிறது. நாம் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. கர்நாடகாவில் இதை நடத்துவது கெப்பெக் என்ற அரசு நிறுவனம். நான் அங்கே போன் போட்டு, "பெங்களூரு நகர மாவட்டத்துக்கு டி.ஆர்.பி. யார்?" என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். பெயரும் எண்ணும் கொடுத்தார்கள். மறுவாரம் அந்தப் பையன் பைக்கில் வீட்டுக்கே வந்தார். என் நோட்டைப் பார்த்து, நான் சொல்லச் சொல்ல லேப்டாப்பில் ஏற்றினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இருவரும் கன்னடத்தில் சமாளித்தோம். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துச் சொல்லச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பம் போட்டுக் கடன் வர ஐந்து மாதம் ஆனது. வீட்டு ஓனர் தொழிலுக்கென்று வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டேன் என்று மூன்று வாரம் இழுத்தார். மெஷின் வந்த பிறகு வீட்டு மீட்டரின் லோடு போதவில்லை, கரண்ட் கம்பெனியான பெஸ்காமில் தொழில் இணைப்பு வாங்க இன்னும் ஒரு மாதம். மெஷின் மூடிக்கிடந்த அந்த மாதமும் தவணை கட்டினேன். நீங்கள் இந்த இரண்டையும் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

ஜாதிச் சான்றிதழ் கேட்பார்களோ என்று கவலைப்பட வேண்டாம். இந்த 35 சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். திட்டத்தின் காலம் 2025-26 நிதியாண்டு வரை என்று வைத்திருக்கிறார்கள், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

---

ஸ்ரீராமபுரம் மாவுக்காரி
27 ஜூலை 2025, காலை 11.20

அக்கா, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, போய் ஒரு நீளமான நோட்டு வாங்கி வந்து மேஜையில் வைத்தார். கம்மனஹள்ளி தம்பிக்கும் நன்றி. மூன்று பேரில் இருவர் செக்கை நிறுத்தச் சம்மதித்துவிட்டார்கள். இன்றைக்கு ஞாயிறு, நாளைக் காலையில் வங்கி திறந்ததும் முதல் வேலை அதுதான்.

கர்நாடகா அரசு பெண்களுக்கு மாதாமாதம் தரும் கிருஹலட்சுமி 2,000 ரூபாய்க்குப் பதிந்தபோது பெங்களூரு ஒன் அரசு சேவை மையத்தில் ஒரு பைசா வாங்காமல் செய்து கொடுத்தார்கள். இது கடன், பெரிய விஷயம், ஆள் வைக்காமல் ஆகாது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு சந்தேகம். வங்கியில் என் பெயரில் எந்த அடமானமும் இல்லை, ஊரில் இருக்கிற நிலம் மாமனார் பெயரில். அது இல்லாமல் தருவார்களா? இரண்டாவது, சங்கத்தில் வாங்கிய கடனில் போன வருடம் ஒரு தவணை தாமதமாகக் கட்டினேன். அது ஏதாவது கெடுக்குமா?

---

பழைய வங்கிக்காரர்
27 ஜூலை 2025, மாலை 4.05

அம்மா, நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 34 வருடம் இருந்தேன். அதில் கடன் மேஜையில் மட்டும் பதினாறு வருடம். இப்போது ஓய்வு, ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். பொடிக்கடை அம்மா எழுதியதில் ஒரு எழுத்துக் கூடத் தவறில்லை. மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

அடமானம் பற்றி: குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை கொடுக்கும் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வாங்குகிற மெஷின் மட்டும் வங்கிக்குப் பிணையாக இருக்கும். யாராவது மாமனார் நிலத்தின் பத்திரம் கேட்டால், அந்த உத்தரவைச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். அப்படியும் கேட்டால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் என்றதும் பெரும்பாலும் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

தாமதத் தவணை பற்றி: உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை முதலில் நீங்களே பாருங்கள். நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உண்டு, சிபில் அதில் ஒன்று. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். ஒரு தவணை சில நாள் தாமதம், அதன் பிறகு ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள் என்றால் நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. சங்கக் கடனில் வேறொருவர் கட்டாதது உங்கள் பெயரில் ஏறியிருந்தால் அதுதான் சிக்கல், அதை முன்பே திருத்தச் சொல்லி எழுதலாம். சரிசெய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் கணக்கு. 2 லட்சத்து 40 ஆயிரத்தில் உங்கள் பங்கு 24,000. கடன் 2 லட்சத்து 16 ஆயிரம். ஐந்து வருடம், 11 சதவீத வட்டி என்று வைத்தால் தவணை மாதம் சுமார் 4,700 ரூபாய். கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கிறது என்கிறீர்கள். நாளுக்குப் பதினோரு கிலோ கூடுதலாக விற்றால் தவணை வந்துவிடும். 40 கிலோ கூடும் என்று நம்புகிறீர்கள், பாதி கூடினாலும் தாங்கும். இது நல்ல கணக்கு, நான் மேஜையில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் உதவிக்கு ஆள் வைத்தால் அந்தச் சம்பளத்தையும் நோட்டில் எழுதுங்கள், அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மானியம் 35ம் 15ம் சேர்ந்து உங்களுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். அந்த ஆள் கேட்பது முன்பணம் 12,000, பிறகு பத்து சதவீதம் இன்னொரு 12,000. மொத்தம் 24,000. நீங்கள் போட வேண்டிய உங்கள் பங்கும் அதே 24,000தான். அவருக்குக் கொடுக்கிற பணம் கையில் இருந்தால் உங்கள் பங்கு தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். 2 லட்சத்து 40 ஆயிரத்து மெஷினுக்கு 6 லட்சம் என்று கொட்டேஷன் வாங்கிப் போடலாம், மீதியைக் கையில் எடுக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். கடன் பணம் உங்கள் கைக்கு வராது, மெஷின் விற்கிறவரின் கணக்குக்குத்தான் வங்கி நேராக அனுப்பும். மீதியை அவரும் தரகரும் பிரித்துக்கொள்வார்கள். ஆறு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். இப்படி மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றவர்களை மறக்க முடியவில்லை.

ஜி.எஸ்.டி. பயம் வேண்டாம். பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. உங்களுக்கு இப்போது நாளுக்கு 2,400, வருடத்துக்கு 8 லட்சத்து 64 ஆயிரம். அந்த யு.பி.ஐ. வரவுதான் உங்களுக்குத் தொழில் நடக்கிறது என்பதற்கு வங்கியில் காட்டக்கூடிய சாட்சி. பயந்துபோய் ரொக்கத்துக்கு மாறிவிடாதீர்கள். ஆனால் 80 கிலோவுக்குப் போனால் விற்பனை 17 லட்சத்தைத் தாண்டும். அப்போது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் இப்போதைய சாதாரணப் பதிவு போதுமா, மாநில உரிமம் எடுக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். டி.ஆர்.பி.யிடம் இதையும் கேளுங்கள்.

---

தாசரஹள்ளி தையல்
27 ஜூலை 2025, இரவு 8.30

சாப்பாட்டுத் தொழில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மனைவி தையல் யூனிட் போட்டது பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், காதி கிராமத் தொழில் ஆணையம் நடத்துவது. அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான், ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்கு இல்லை. நகரத்தில் பொதுப் பிரிவுக்கு 15 சதவீதம் மானியம், சிறப்புப் பிரிவுக்கு 25. பெண் என்றாலே சிறப்புப் பிரிவு. இது எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை ஊர் ஜாதிச் சான்றிதழ் இங்கே செல்லுமா என்று தாலுகா ஆபீஸுக்கும் ஊரில் ராயக்கோட்டைக்கும் அலைந்துகொண்டிருந்தோம். தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்துக் கர்நாடகா அரசின் கழகங்களில் சலுகை கேட்க முடியாது. பெண் என்பதற்கோ ஆதார் போதும்.

என்ன திட்டம் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் மைஸ்கீம் என்ற அரசு தளத்தில் வயது, மாநிலம், தொழில் என்று கேட்கிற கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் பொருந்துகிற திட்டங்கள் வரும். ஒவ்வொரு திட்டத்திலும் 'யாருக்குக் கிடையாது' என்ற பகுதியை முதலில் படியுங்கள், பாதி அலைச்சல் குறையும். கன்னட அறிவிப்பை போன் கேமராவில் காட்டினால் தமிழில் மொழிபெயர்த்துக் காட்டும், நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

வங்கியில் கோப்பு நகராமல் கிடந்தது. கேட்டால் "அடுத்த வாரம்". தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, இன்றைய நிலை என்ன' என்று மட்டும் கேட்டோம். பதில் தர 30 நாள் கெடு. பதினெட்டாம் நாள் வங்கியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார்கள். கோபமாக எதுவும் எழுதவில்லை, தேதி மட்டும்தான் கேட்டோம்.

---

ஸ்ரீராமபுரம் மாவுக்காரி
4 ஆகஸ்ட் 2025, இரவு 9.10

செக்கை நிறுத்தியாயிற்று, மூவரும். ஒருவர் கொடுத்த 12,000 ரொக்கம் திரும்பவில்லை, அவர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆளிடம் நான் வேண்டாம் என்று சொன்னேன். "நீங்களே போனால் வங்கி வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், ஆனால் பேசினார்கள். அந்த அதிகாரிக்குத் திட்டம் தெரிந்திருந்தது. டி.ஆர்.பி. வழியாக ஆன்லைனில் போட்டுவிட்டு வாருங்கள், உங்கள் கணக்கு இங்கேதான் இருக்கிறது, பார்க்கிறோம் என்றார். கெப்பெக்கில் எண் வாங்கிவிட்டேன். டி.ஆர்.பி. ஒரு பெண், புதன்கிழமை வருகிறார். உத்யம் பதிவை என் மகள் போட்டாள், இலவசமாக.

நோட்டில் எட்டு நாள் எழுதியாயிற்று. எட்டு நாளில் 23 பாக்கெட் புளித்துத் திரும்பியிருக்கிறது. இத்தனை நாள் இதை நான் எண்ணியதே இல்லை. பொடிக்கடை அக்கா, ஓனர் வாடகை ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நீங்கள் உங்கள் ஓனரிடம் என்ன சொன்னீர்கள்?

---

விவேக் நகர் பொடிக்கடை
4 ஆகஸ்ட் 2025, இரவு 10.25

தங்கச்சி, எழுதியதைப் படித்து மனது நிறைந்தது.

ஓனருக்குப் பயம் இரண்டு. தொழில் என்றால் வீட்டு வரி ஏறும், கடன் கட்டாவிட்டால் வங்கி வீட்டைப் பிடிக்கும். இரண்டாவது தவறு, வங்கிக்கு வீட்டின் மேல் உரிமையே வராது. நான் வங்கி அதிகாரியை அவரோடு போனில் பேச வைத்தேன், ஐந்து நிமிடத்தில் அந்தப் பயம் போனது. முதல் பயம் நியாயமானது, வரி கூடினால் அந்த வித்தியாசத்தை நான் கொடுக்கிறேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். மாடியில் இல்லாமல் கீழே இருக்கிற ஷெட்டுக்கு மட்டும் எழுதினோம், அதனால் மற்ற குடித்தனக்காரர்களுக்கும் தொந்தரவு இல்லை. வாடகை மாதம் 800 ரூபாய் கூட்டினார், ஒத்துக்கொண்டேன். அந்த 800ஐயும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை டி.ஆர்.பி. வரும்போது பெஸ்காம் பில் ஒன்றை எடுத்து வைத்திருங்கள். லோடு எத்தனை கிலோவாட் என்று அதில் இருக்கும், 20 லிட்டர் கிரைண்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்துப் போதுமா என்று அவரிடமே கேட்டுவிடலாம்.